ராத்திரி விழிப்புக்கு மார்க்கு

செவ்வாய் இரவு, காயல்பட்டினம்.

பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார் தலைமையாசிரியர். போன வாரம் ஆசிரியர்கள் எங்கள் மனநிலையை அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார். இரவில் அடிக்கடி விழிப்பு வருகிறதா, பகலில் கண் சொக்குகிறதா என்றெல்லாம் கேட்டிருந்தது; ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு மார்க்கு. ஆமாம் என்றே எழுதினேன். சவூதியில், தம்மாமில் இருக்கும் என் கணவர் வேலை முடிந்து போன் போடும்போது இங்கே நடுராத்திரி. அவ்வளவுதான் விஷயம்.

இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "மார்க்கு கூடிப்போச்சு டீச்சர். உங்களுக்கு மன அழுத்தம். கொஞ்ச நாள் சின்ன வகுப்பைப் பாருங்க."

"நான் ஏன் முழிக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியளா சார்?"

"காரணம் எதுக்கும்மா? அதான் மார்க்கு சொல்லுதுல்லா!"

இருக்கட்டும். அவருக்குச் சர்க்கரை. ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதாக அவரே புலம்புவார். மத்தியானம் நாற்காலியிலேயே குறட்டை விடுவார். நாளை ஆசிரியர் கூட்டத்தில் அதே கேள்விகளை அவரிடம் சத்தமாக வாசிப்பேன். சர்க்கரை என்று வாய் திறக்கட்டும். "காரணம் எதுக்கு சார்? அதான் மார்க்கு சொல்லுதுல்லா" என்பேன். சின்ன வகுப்பில் எனக்கும் துணை வேண்டாமா?

தம்மாம் போன் அடிக்கிறது. எனக்கு இன்னும் ஒரு மார்க்கு.