ஒரே தட்டு

அன்புள்ளவருக்கு,

நானும் மகளும் இங்கே சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்றுதான் எழுதுவீர்கள். அதை விடுங்கள், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா என்று மட்டும் உண்மையாக எழுதுங்கள்.

குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. மகளுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. போட்டதும் அப்படியே உங்கள் ஜாடை. முறைப்பு மட்டும் என்னுடையது.

டயர் கம்பெனியில் என்னைக் கிடங்கிலிருந்து சோதனைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே டயரை எலாஸ்டிக் கயிறுகளில் தொங்கவிட்டு, அதிர்வை உணரும் சின்னக் கருவி ஒன்றை மெழுகு வைத்து ஒட்டுவோம். பிறகு சுத்தியலால் ஒரு தட்டு. டயர் எப்படி அதிர்ந்து எப்படி அடங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கோடாக வரைந்துவிடும். வண்டிக்குள் இரைச்சலும் ஸ்டியரிங்கில் நடுக்கமும் எங்கிருந்து வருகின்றன என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களாம்.

சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் முழுக்க என் தட்டைக் கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை. தட்டிய கையை நான் உடனே எடுப்பதில்லை. ரப்பர் எகிறி வந்து சுத்தியலில் மறுபடி பட்டு, ஒரு தட்டு இரண்டாகிவிடுகிறது. இன்ஜினியர் பெண் பொறுமைசாலி. "அக்கா, தட்டினதும் கையை எடுத்துடுங்க. ரெண்டாவது தடவை பட்டுச்சுன்னா, முதல் தட்டுக்கு அது என்ன பதில் சொல்லுச்சுன்னே தெரியாமப் போயிடும்" என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். "ஒரு தடவையோட நிறுத்துற வேலையா? உனக்கா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் இருந்திருந்தால் அவளோடு சேர்ந்துகொண்டிருப்பீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்போது கை பழகிவிட்டது. தட்டிவிட்டு, டயர் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வாயை அடக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வேலை பிடித்திருக்கிறது.

உங்கள் கப்பல் கட்டும் தளத்து வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டீர்கள். அப்போது உங்கள் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது என் பதில் இல்லை. மறுபடி போனில் ஆரம்பித்தால் சொன்னதையே பத்து முறை சொல்லி, அழுது, உங்களை யோசிக்கவே விடாமல் செய்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை.

இதை இன்னொரு முறை எழுத மாட்டேன். போனிலும் கேட்க மாட்டேன். மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்பேன், அது வேறு விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையை எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பதிலுக்காக நிற்கும்
உங்கள் மனைவி