சிவப்புப் பைக்குள் இருந்த கயிறு

புதுக் கயிறு இன்று காலை வந்தது. உறையைக் கிழித்ததும் களஞ்சிய அறை முழுக்க அந்த நைலோன் மணம். நீ இருந்திருந்தால் மூக்கை உள்ளே விட்டு, "பெருநாள் சப்பாத்துப் பெட்டி மணக்குது மச்சான்" என்றிருப்பாய். ஒவ்வொரு கயிற்றுக்கும் இதையே சொன்னாய். நான் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

புதுக் கயிறு வந்தால் அதற்கொரு அட்டை எழுத வேண்டும். இலக்கம், நீளம், வந்த நாள். இரண்டு நிமிட வேலை. அரை மணித்தியாலமாக அட்டையை வைத்துக்கொண்டு இருக்கிறேன். அதனால் முதலில் இதை எழுதி முடிக்கிறேன். நீ வாசிக்கப் போவதில்லை என்பது தெரியும்.

பழுகாமப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரம்தான் ஞாபகம் வருகிறது. நாங்கள் மூன்று பேர். மேலே கண்ணன், கீழே நீயும் நானும். அன்டெனா ஒன்றை ஏற்ற வேண்டும். பொருள் ஏற்றும் கயிற்றை ஏறாவூரில், உன் வீட்டுக்குப் பக்கத்து வேலைத்தளத்தில், முதல் நாள் விட்டுவிட்டு வந்திருந்தோம். திரும்பிப் போய் எடுத்து வந்தால் அரை நாள் போய்விடும். நான் எங்கள் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து சிவப்புப் பையின் சிப்பை இழுத்தேன்.

அந்தப் பையில் இருப்பது ஆளை இறக்கும் கயிறு. மேலே யாருக்காவது ஏதாவது நடந்தால் மட்டும் எடுப்பது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அது மனப்பாடம், பரீட்சையில் முழுப் புள்ளியும் எனக்குத்தான். சும்மா கிடக்கும் நல்ல கயிறு, ஒரு மணித்தியால வேலை, மறுபடி சுருட்டி வைத்தால் சரி என்று நினைத்தேன். நீ பார்த்தாய். "அது வேணாமே மச்சான்" என்றாய், தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி. பேசாமல் இரு என்றேன். பேசாமல் இருந்தாய்.

அன்டெனா பாதி உயரம் போனபோது மேலே கண்ணனின் தலை சரிந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. பெல்டில் துணிபோலத் தொங்கினான். மயங்கியவன் அப்படியே தொங்கினால் தொடைப் பட்டி இரத்தத்தைக் கட்டிப்போடும். அவனுக்கு நிமிடக் கணக்குத்தான் இருந்தது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவனை இறக்க வேண்டிய கயிற்றில் அன்டெனா தொங்கிக்கொண்டிருந்தது.

நீ இரண்டு கொக்கியையும் மாற்றி மாற்றிக் கொழுவிக்கொண்டு ஏறினாய். நான் கயிற்றைக் கோபுரத்தின் காலில் கட்டியிருந்தேன். பாரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. விரல் உள்ளே போகவில்லை. கத்தியை எடுத்தேன். வெட்டினால் அன்டெனா விழும், கயிறு கைக்கு வரும், அவ்வளவுதான் என் கணக்கு. அன்டெனா விழும் வழியில் நீ ஏறிக்கொண்டிருக்கிறாய் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மேலிருந்து உன் குரல் வந்தது. கத்தவில்லை.

"வெட்டாத. கழட்டு. மெல்ல இறக்கு. நான் இவனப் பிடிச்சிட்டு நிக்கன்."

கண்ணனின் இரு தொடைகளையும் உன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாய். நான் கொக்கி முனையால் நெம்பி முடிச்சைக் கழட்டி, அன்டெனாவை இறக்கி, கயிற்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஏறும்வரை நின்றாய். அவனைக் கட்டி இறக்கினோம். பக்கத்து வயல் வட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கீழே தாங்கிப் பிடித்தார்கள்.

கண் விழித்தவன் சித்தாண்டி முருகனுக்கு விரதம் என்றான். காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லையாம். சொன்னால் ஏற விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறான். உன் தோள் கன்றிப்போய் இருந்தது, அப்போதும் உனக்குப் பகிடி.

"நாங்க ஒரு மாசம் நோன்பு பிடிக்கம். சொல்லிப்போட்டுக் கீழ நிண்டுதான் வேல செய்றம். நீ ஒரு நாளுக்கு ஒளிக்காய் என்ன?"

அவனை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு நீ கத்தியை என்னிடம் நீட்டினாய். "இப்ப வெட்டு."

கயிற்றில் ஒரு கீறலும் தெரியவில்லை. ஆனால் இரும்பு விளிம்பில் உரசிய கயிற்றுக்குள் என்ன நடந்திருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வயல்காரர் ஒருவர், மாடு கட்ட உதவும், முழுதாகத் தாருங்கள் என்று கேட்டார். முழுதாகக் கொடுத்தால் நாளைக்கு யாராவது அதில் தொங்குவார்கள் என்றாய். இரு கை விரித்த நீளத்துக்கு, ஒரு பாகம் ஒரு பாகமாக வெட்ட வைத்தாய். அவருக்கு ஒரு மாட்டின் கழுத்துக்குப் போதுமானது கிடைத்தது. எனக்குக் கையில் கொப்புளம்.

பிறகு, கழித்துவிட்டோம் என்று எழுத அந்தக் கயிற்றின் அட்டையை எடுத்தாய். கயிறு பழுதானால் யாரால் என்று எழுதும் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதத்தான் இடம். நீ நுணுக்கி நுணுக்கி இரண்டு பெயர் எழுதினாய். எனக்குக் கோபம் வந்தது. எடுத்தது நான்தானே என்றேன்.

"நான் பாத்தன் தானே."

அந்த வருடம் பயிற்சியாளர் பட்டியலில் உன் பெயர் இருந்திருக்க வேண்டும். அந்த அட்டையால் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடத்துக்கு முன்னரே நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உயரத்தோடும் கயிற்றோடும் ஒரு சம்பந்தமும் இல்லாத சாவு. உன் மையத்தை அடக்க எடுத்தபோது சந்தூக்குப் பெட்டியின் ஒரு மூலைக்கு நானும் தோள் கொடுத்தேன். இப்போது அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதை நியாயம் என்று நான் எழுத மாட்டேன்.

போன கிழமை குருக்கள்மடத்தில் வேலை. ஏற்றும் கயிறு நீளம் போதவில்லை. என்னைவிடப் பத்து வயது கூடிய ஒருவர் சிவப்புப் பையில் கை வைத்தார். ஒருக்காத்தானே தம்பி, ஆருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பையின் மேல் உட்கார்ந்தேன். வானை நகரத்துக்கு அனுப்பினேன். அரை நாள் போய்விட்டது. தேநீர் ஆறும்வரைகூடப் பொறுக்காதவன் நான், எழும்பவில்லை. அவர் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, அட்டையை எழுதுகிறேன். இலக்கம், நீளம், வந்த நாள். 'பொறுப்பு' என்ற கட்டம் இப்போதும் ஒரு பெயருக்குத்தான் காணும். அடிமட்டத்தை வைத்து நடுவில் ஒரு கோடு போட்டு அதை இரண்டாக்கியிருக்கிறேன்.