ஒரு வரிசை நான், ஒரு வரிசை அவள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக, மூக்கு ஒழுகாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் திக்கென்று இருந்திருக்கும். எப்போதும் அம்மாதானே எழுதுவாள், நான் ஓரத்தில் இரண்டு வரி ஒட்டிக்கொள்பவன். பயப்படாதே, எல்லாம் முடிந்துபோன கதை, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். இரண்டரை மாதத்துக்கு முன்னால் உன் அம்மா ஸ்டூலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் கழுத்துக்குக் கீழே தெரியாதபடி போனைப் பிடித்தது நான்தான். அம்மா ஏம்ப்பா பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே உட்கார்ந்திருக்கா என்று நீ கேட்டாயே, அன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். உன்னிடம் சொன்னால் புது வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். திட்டுவதானால் என்னைத் திட்டு.

ஏனென்றால் அவள் விழுந்ததற்கும் நான்தான் காரணம். உனக்காகக் கரும்பச்சையில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். உடம்பு முடிந்து, இடது கையும் முடிந்து, வலது கை மட்டும்தான் பாக்கி. அவளுடைய உல்லன் பை உனக்குத் தெரியுமே, அது வீட்டில் நான்காவது ஆள் மாதிரி, எங்கே தோன்றுகிறதோ அங்கே உட்காரும். ஒரு நாள் பேப்பர் படிக்கலாம் என்று என் நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். பின்னல் ஊசி எங்கே குத்தியது என்பதை மகளுக்கு எழுத முடியாது. வந்த கோபத்தில் பையைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் ஸ்டூல் ஒரு பக்கம், உன் அம்மா ஒரு பக்கம், பை அவள் மடியில் பத்திரமாக இருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, நல்லவேளை ஊசி எதுவும் வளையலைங்க என்றாள். அந்த நிமிஷம் எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுகூடப் பரவாயில்லை, வாயால் வீட்டை நடத்தினாள். கட்டைப் பிரித்த பிறகுதான் கஷ்டம். விரல்கள் விறைத்துப்போய் மடங்க மறுத்தன. பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். உன் அம்மா இரண்டு நாள் அழுத்தினாள், மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஒரு காலையில் அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, இதைப் பிரிச்சு உருண்டையா சுத்தி வெச்சிடுங்க, இந்தக் கை இனிமே ஊசி பிடிக்காது என்றாள். பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அழவில்லை என்பதுதான் என்னைக் கலங்கடித்தது. யோசிக்காமல், நானே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் மாதக் கடைசியில் தன் மகனைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறார், பார்சல் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டும் விட்டார். இருந்தது இருபத்தாறு நாள்.

முப்பத்தொரு வருஷம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவனுக்கு உல்லன் என்ன பிரமாதம் என்ற நினைப்பு எனக்கு. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் சைகை காட்டிச் சொல்லிக்கொடுத்தாள், நாலு நாளில் கண்ணி போட வந்துவிட்டது. ஆனால் எந்த நட்டையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லையே, ஒவ்வொரு கண்ணியையும் போட்டுவிட்டு இன்னொரு இழு இழுத்து முடுக்கினேன். அவள் நோட்டில் எழுதியிருந்த கண்ணிகள் எத்தனையோ அத்தனை, வரிசைகள் எத்தனையோ அத்தனை, ஒன்றுகூடக் குறையவில்லை. பதினோராம் நாள் முடித்து மேஜைமேல் வைத்தேன், அது தானாகவே நின்றது. உள்ளே என் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைக்கு மேல் போகவில்லை. நீளத்திலும் ஒரு சாண் குறைச்சல். சரி, இழுத்தால் சரியாகிவிடும் என்று தண்ணீரில் நனைத்து, அடியில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டர் வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சார், பெட்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மறுநாள் நீளம் வந்துவிட்டது, அகலம் போய்விட்டது. இப்போது அதற்குள் என் குடை இருக்கிறது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருத்தம்.

குடையை அதற்குள் விட்டுப் பார்த்ததே உன் அம்மாதான். விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வர, விழுந்த நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உல்லனை எதுக்குங்க இப்படிக் கழுத்தை நெரிக்கிறீங்க, இங்க பாருங்க என்று ஊசியை என் கையிலிருந்து பிடுங்கி இருபது கண்ணி போட்டுக் காட்டினாள். வலது கையால்! போட்டு முடித்த பிறகுதான் இரண்டு பேருக்குமே உறைத்தது. ஆனால் கண்ணியெல்லாம் கொசுவலை மாதிரி இருந்தது, விரலுக்கு இழுத்துப் பிடிக்கத் தெம்பில்லை. அதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது, ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் விடவில்லை. என் பட்டறைப் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வெர்னியரை எடுத்தேன். அவளுடைய பழைய பின்னலில் இருபது கண்ணிக்கு நாலு அங்குலம். என்னுடையதில் மூன்று. இப்போது அவள் போட்டுக் காட்டியதில் ஐந்து. மூன்றும் ஐந்தும் எட்டு, பாதி நாலு! ஒரு வரிசை நான், ஒரு வரிசை நீ என்றேன். ஷிப்ட் போட்டு ஓட்ட இது என்ன உங்க பட்டறையா என்று கேட்டாள். ஆனால் ஊசியை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்த சண்டைகளை எழுத இன்னொரு பேப்பர் வேண்டும். நான் பல் தேய்க்கப் போன நேரத்தில் அவள் இரண்டு வரிசை சேர்த்துப் போட்டுவிட்டாள், கேட்டால் எண்ணிக்கை மறந்துபோச்சு என்கிறாள். நான் ஒரு கண்ணியை நழுவவிட்டு, மூன்று வரிசை கழித்துக் கண்டுபிடித்ததில் அத்தனையும் பிரிக்கவேண்டியதாகிவிட்டது, அன்றைக்கு எனக்கு டீயே கிடைக்கவில்லை. கை மடங்குவதைப் பார்த்து பிசியோதெரபிப் பெண் அசந்துபோய் என்ன பயிற்சிம்மா செய்யறீங்க என்று கேட்டாள், உன் அம்மா கூசாமல் பந்துதான் என்றாள். நான் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தேன்.

நேற்று முடித்தோம், மருந்துக்கடைக்காரர் நாளைக் காலை கிளம்புகிறார். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. தோளிலிருந்து கீழே இறங்கித்தான் பின்னியிருக்கிறோம். தோள் பக்கம் ஒரு வரிசை நெருக்கம், ஒரு வரிசை தொளதொளவென்று படிக்கட்டு மாதிரி இருக்கும், யாராவது கேட்டால் டிசைன் என்று சொல்லிவிடு. ஆனால் கண்ணு, முழங்கை தாண்டியதும் தடவிப் பார். அவள் கை இறுகிக்கொண்டே வந்திருக்கிறது, என் கை தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே கடைசி நாலு விரற்கடை அகலத்தில் எது யாருடைய வரிசை என்று எங்களுக்கே தெரியவில்லை. இது என்னுது என்று நானும், இல்ல என்னுது என்று அவளும் நேற்று முழுக்கச் சண்டை போட்டோம். இவ்வளவு சந்தோஷமாக நான் சண்டை போட்டதே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் கஷ்டமானாலும் எங்களிடம் சொல்லிவிடு, எங்களைப் போல மறைக்காதே. ஸ்வெட்டரை மெஷினில் போடாதே, வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசித் தரையில் விரித்துக் காயவை, கொடியில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று என் குடையைக் கேள். நீ நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழவேண்டும் என்று எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா

கண்ணு, இதை வலது கையாலதான் எழுதறேன். எழுத்து கோணினா பரவாயில்ல, படிச்சுக்கோ. உல்லன் பை இப்ப அப்பா நாற்காலியிலதான் இருக்கு. அவர் ஸ்டூல்ல உட்கார்றார்.
அம்மா