கைக்கு வந்த ஏழு

மாஸ்டர்,

என் தங்கை மகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள். நேற்று அவள் மேசையில் விட்டுப்போன தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். பேசாத குழந்தை ஒன்றும் கற்கவில்லை என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை.

"இதெல்லாம் காஜா பெராங் பள்ளிக்கூடத்துல சப்பான்காரன் காலத்துலயே கண்டுபிடிச்சாச்சு" என்றேன் அவளிடம்.

"யாரு மாமா கண்டுபிடிச்சது?"

"நானும் இன்னொருத்தரும்."

வரிசையைப் பாருங்கள் மாஸ்டர். அந்த இன்னொருத்தர் நீங்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. மூன்றாம் வகுப்பை மட்டும் இரண்டு முறை படித்ததால் அது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சப்பான்காரன் வந்ததும் வாத்தியார்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, மணியடிக்கும் வேலையில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, சின்ன வகுப்பை நீங்க பாத்துக்குங்க" என்றீர்கள். இரண்டே வாரத்தில் நாற்பது பிள்ளைகளை நிப்போங்கோவில், அதுதான் சப்பான் பாஷையில், பாட வைத்தேன். நாற்பது இல்லை, பதினெட்டு என்று நீங்கள் திருத்துவீர்கள். சரி, பதினெட்டு.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சத்தமாகச் சொல், நூறு முறை சொல். நீங்களோ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மரத்தடியில் பொறுக்கிய சிவப்புச் சாகா விதைகளைக் கொட்டி வைப்பீர்கள். குழந்தை முதலில் தொடும், பிறகு அடுக்கும், அதன் பிறகுதான் பெயர் சொல்லும் என்பீர்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது பாதி, பிள்ளைகளைப் பார்த்துக் கண்டுகொண்டது பாதி என்பீர்கள். எனக்கு அது வேலைக்கு டிமிக்கி கொடுப்பது போலத்தான் தெரிந்தது.

கம்போங் செட்டியிலிருந்து வந்த அந்த ஆறு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டில் அவர்களுக்கு மலாய்தான். பள்ளிக்கு வந்தால் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் நிப்போங்கோ. மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் நீங்கள் 'சிச்சி' என்றால் ஏழு விதைகளைப் பிரித்து வைப்பாள். 'கோ' என்றால் ஐந்து. ஒருநாளும் தப்பியதில்லை.

"எண் கைக்கு வந்துருச்சு அண்ணே. வாய்க்கு வர்ற வரைக்கும் நாமதான் பொறுத்துக்கணும்."

"எத்தனை நாளைக்கு மாஸ்டர்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

"அவளே சொல்ல மாட்டேங்குறாளே" என்றேன். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். மரவள்ளிக்கிழங்கு மட்டுமே தின்ற வயிறு, குலுங்குவதற்கு அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு காப்பிக்கடை. பள்ளிகளைப் பார்வையிடும் சப்பானிய அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் அங்கே உட்கார்ந்து, அதிகாரி எந்தெந்தப் பள்ளியை மெச்சினார் என்று அளந்துகொண்டிருந்தார். நம் பள்ளியின் பெயர் அதில் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்க மாஸ்டர்கிட்ட ஒரு வித்தை இருக்கு" என்றேன். "ஊமைப் பிள்ளைகூட ஒரே மாசத்துல நிப்போங்கோ பேசும். கம்போங் செட்டிப் பொண்ணு ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறைக்க மாட்டேன்.

அடுத்த வாரமே அதிகாரி வந்து நின்றார். நேராக அந்தப் பெண்ணை எழுப்பினார். எண்ணச் சொன்னார். அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் விதைகளை அவள் முன் வைத்தீர்கள். அதிகாரி 'சிச்சி' என்றார். அவள் ஏழு விதைகளை எடுத்து வைத்தாள். அவர் பூட்ஸ் காலால் அவற்றைத் தள்ளிவிட்டு, வாயால் சொல்லும்படி கத்தினார்.

"இன்னும் நேரம் வரலை" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னீர்கள். "குழந்தை மேல தப்பு இல்லை."

"பேசுவாள் என்று பொய் சொன்னது யார்?" என்று அதிகாரி கேட்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பதினெட்டுப் பிள்ளைகளைப் பாட வைத்த எனக்கு அப்போது ஒரு சொல் வரவில்லை. நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு முன்னால் திரும்பி, "நான்தான் சொன்னேன்" என்றீர்கள்.

சயாமில் ரயில் பாதை போட சப்பான்காரன் ஆள் பிடித்து அனுப்பிய அந்த மாதத்துப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது. திரும்பி வந்தவர்கள் யாரும் உங்களைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இந்தக் கதையை நான் இந்த ஊரில் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். ஒன்றில் நீங்கள் அதிகாரியை அறைகிறீர்கள். ஒன்றில் நானும் நீங்களும் சேர்ந்தே அறைகிறோம். கேட்டவர்கள் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மனைவி சாகும்வரை அறைந்த கதையைத்தான் நம்பியிருந்தார்.

அந்தக் கம்போங் செட்டிப் பெண் இப்போது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். ஒரு மகன், ஆறு வயது. போன மாதம் கடையில் பார்த்தேன். கடைக்காரர் பையனிடம் பெயர் கேட்டார். அவன் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அவள் அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். "ஜாவாப்" என்றாள், பதில் சொல் என்று. மறுபடியும் அடித்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, அழுத முகத்தோடு மலாயில் சொன்னாள்: "மாமாவுக்குத் தெரியாததா? அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மாஸ்டர் உயிரோடு இருந்திருப்பார். இவன் என்னைப் போல ஆகக் கூடாது."

இத்தனை வருடமும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், மாஸ்டர். நீங்கள் போனது அவள் பேசாததால் அல்ல, நான் பேசியதால் என்று சொல்ல அந்தக் கடையில் என்னைத் தவிர ஆளில்லை. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றேன். "பிள்ளைங்க கேட்டா பதில் சொல்லணும்."