பத்திரிகை அட்டையில் ஒரு டேங்க்

ஆவணி, வியாழன் இரவு

ஆமாம், வெட்டியது நான்தான். மாமா தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் நாற்பதை, நன்னிலம் பக்கத்துச் சொந்தங்களுக்கு வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருந்தார். அதில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லார் பெயரும் இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன்.

"எல்லார் பேருக்கும் பின்னாடி டிகிரி இருக்கு மாப்ள. பாதில காலேஜ விட்டவனுக்கு என்னத்தப் போட? பேப்பர்ல டேங்க் ஒட்டுறவன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

ஒட்டிவிட்டேன் மாமா. நான் வழக்கமாகச் செய்யும் காகித பொம்மைதான்: உலகப் போர் காலத்துப் பீரங்கி டேங்க், உள்ளங்கை நீளம். உடம்பு சாதாரணத் தாள். சக்கரத்துக்குத்தான் தடித்த அட்டை கிடைக்காமல் நின்றிருந்தது. உங்கள் பத்திரிகையில் இரண்டை ஒட்டினால் கச்சிதமான கனம். தங்க எழுத்தில் உங்கள் பெயர் இருந்த துண்டுகளை, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டினேன். டேங்க் எங்கே உருண்டாலும் அந்தப் பெயர் தரையில் தேயும். மிச்சத்தையும் விடவில்லை, நாற்பதையும் நறுக்கிவிட்டேன். கையில் பத்திரிகை வைக்காமல் நன்னிலத்திலிருந்து ஒரு ஆள் வராது. பந்தியில் இலை காயட்டும்.

பத்திரிகைகள் இருந்த பெட்டி அம்மாவின் பொறுப்பில் இருந்தது. மாமா அவளைத்தான் கேட்பார். அதை நான் வெட்டும்போது யோசிக்கவில்லை.

கூடத்திலிருந்து அம்மா கூப்பிடுகிறாள்.

"டேய், மஞ்சள் கொழச்சிட்டேன். அந்தப் பத்திரிகைப் பெட்டிய எடுத்துட்டு வா, நாலு மூலைலயும் தடவி வச்சிடுவோம். காலைல முத பஸ்ஸுக்குக் கெளம்பணும்."

போக வேண்டும்.