மாத்த வேண்டாம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் உன்னைப் பார்த்தபோது அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, கோபமா என்று கேட்டாய். தூக்கக் கலக்கம் என்றேன். அது பொய்.

பக்கவாதத்தில் பேச்சு போனபின் அவளுக்கு ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தாயே. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும், வேண்டிய எழுத்தில் அவள் இடது கை விரலால் பொத்தானை அமுக்குவாள், முடிந்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அது இப்போது ஓடவில்லை. கெடுத்தவன் நான்தான்.

உன்னோடு வீடியோவில் பேசுகிற புரோகிராம், என்னைப் புதுசாக்கு என்று மாதக்கணக்கில் நச்சரித்தது. ஒருநாள் நின்றேவிட்டது. உங்கள் சிஸ்டம் பழையது என்று ஒரே வரி. கைப்பேசியில் பேத்தி முகம் அம்மாவுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இந்தக் கிழட்டுச் சிஸ்டத்தில் புதுசு எதுவும் ஏறாது சார், அதையே மாத்திடலாம் என்றார். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவனாயிற்றே நான், எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அவர் வேலையை ஆரம்பிக்கும் முன் அம்மா பொத்தானை அமுக்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. மாத்த வேண்டாம் என்றது கம்ப்யூட்டர். நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது என்றேன்.

பெட்டி அதேதான், உள்ளே ஓடுகிற சிஸ்டத்தை மட்டும் மாற்றினார். நீ பளிச்சென்று தெரிந்தாய். அம்மாவின் புரோகிராம் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட அவரிடம் டிஸ்க் இல்லையாம். புரோகிராம் செய்தவர்களின் நம்பர் உபயோகத்தில் இல்லை. நான் ஏறி இறங்காத கடை இல்லை.

இப்போதும் மாலையானால் அதே நாற்காலியில் உட்கார்ந்து வெறும் பொத்தானை அமுக்குகிறாள். டக், டக் என்று சமையலறை வரை கேட்கிறது. என்ன சொல்கிறாளோ, யாருக்குத் தெரியும்?

ஆமாம் என்றால் கண்ணை மூடு என்று சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் வேணுமா, வலிக்குதா, ஃபேன் போடவா, இவ்வளவுதான் இப்போது எங்கள் பேச்சு. நேற்று, மகளை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இறுக்க மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

அந்தப் பழைய சிஸ்டத்தின் டிஸ்க் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா. என் மேல் கோபமா என்று மட்டும் அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வந்து கேள்.

பேத்திக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா