என் இலையும் உன் மாத்திரையும்

ஜவ்வாது மலை,
11.7.1983

தங்கை சம்பூர்ணத்துக்கு அக்கா பாஞ்சாலை எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

உன் மாமா சந்தைக்கு என்று சொல்லிவிட்டு, நீ நர்ஸாக இருக்கும் செங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். சட்டைப்பையில் சீட்டு அகப்பட்டது. அவர் இடுப்புப் படர்தாமரைக்கு நான்கு மாதமாகச் சீமையகத்தி இலை அரைத்துப் போடுகிறேன். அந்த இலைக்காகப் பத்து ஊர் சனம் என்னிடம் வருகிறது. ஓடைக்கரையில் முத்தம்மா கேட்டேவிட்டாள்: "இன்னாக்கா, உன் வூட்டுக்காரருக்கே உன் மருந்து புடிக்கலையாமே?"

வேட்டியைத் தளர்த்தி உன்னிடம் காட்டினாரா, டாக்டரிடமா? அதை எழுது.

பாஞ்சாலை

செங்கம்,
19.7.1983

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரிடம்தான் காட்டினார். நான் திரைக்கு வெளியே நின்றேன். உனக்குப் பயந்துதான் மாமா பொய் சொன்னார். கடைக்காரர் கொடுத்த ஏதோ களிம்பையும் ஒளித்துப் போட்டிருக்கிறார். அரிப்பு அடங்கினாற்போல் இருந்து, இரண்டு மடங்காகப் படர்ந்துவிட்டது. களிம்பை நிறுத்து. டாக்டர் தந்த மாத்திரையை ஆறு வாரம் விடாமல் கொடு.

உன் சம்பூர்ணம்

ஜவ்வாது மலை,
5.9.1983

சம்பூர்ணத்துக்கு,

ஒரு நாள் தவறாமல் என் கையால் கொடுத்தேன். உன் மாத்திரையும் தோற்றது. எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? உன்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், என்னைச் சாமைக்கொல்லைக்கு. உன் பழைய புத்தகத்தில் நானே எழுத்துக் கற்றேன். இலையையும் நானே கற்றேன்.

ஆனால் அவர் சொறிந்து சொறிந்து நீர் வடிகிறது. மூன்று நாளாகக் கொல்லை வேலைக்குப் போகவில்லை. டாக்டரைக் கேட்டு எழுது. எனக்காக அல்ல.

பாஞ்சாலை

செங்கம்,
14.9.1983

அக்கா,

மருந்துக்கு அடங்காத படை என்கிறார் டாக்டர். "எந்த மருந்தும் கேக்கலன்னா, நோய் வூட்டுலயே எங்கியோ ஒளிஞ்சிருக்கும்மா" என்றார். துண்டு, பாய், ஈர வேட்டி எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். இன்னும் எட்டு வாரத்துக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறார்.

அவர் உடுத்துவது, படுப்பது எனக்கென்ன தெரியும்? பக்கத்தில் இருப்பவள் நீதானே.

சம்பூர்ணம்

ஜவ்வாது மலை,
25.11.1983

சம்பூர்ணத்துக்கு,

துணியை எல்லாம் கொதிக்க வைத்தேன். பாயைக் கொளுத்தினேன். அப்போதும் இடுப்பைச் சுற்றி ஒரே வரியில் படை தடித்து நின்றது. அரைஞாண் கயிற்றின் வரி. ஆறு வருடம் குளித்த ஈரத்தோடு கிடந்த கயிறு. தினமும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் நான் இலை போட்டிருக்கிறேன்.

அறுக்க விடவில்லை. "பொணத்துக்குத்தாண்டி அத்த அறுப்பாங்க. நான் இன்னும் சாவல" என்றார். புதுக் கயிற்றை முதலில் கட்டிவிட்டு, பழையதை அறுத்து அடுப்பில் போட்டேன். இப்போது அவருக்கு இரண்டு கயிறு. ஒன்று இடுப்பில் இருக்கும்போது மற்றது கொதிநீரில். உள்ளே உன் மாத்திரை, மேலே என் இலை. இடுப்பு சுத்தமாகிவிட்டது. நேற்றுக் கொல்லை வேலைக்குப் போனார்.

யார் மருந்து என்று முத்தம்மா கேட்டாள். என் இலை என்றேன். நீ வந்தால் மாற்றிச் சொல்லாதே.

அவள் புருஷனுக்கும் இதே படை. திங்கட்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடு. கயிற்றைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. அவன் திரும்பி வந்ததும் நான் சொல்லிக்கொள்கிறேன். அது நான் கண்டுபிடித்தது.

உன் அக்கா
பாஞ்சாலை